வெற்றாக விடப்பட்ட ஒரு கட்டம்: பல்கலைக்கழகங்களுக்குத் திறந்த மடல்

மீத்திறன் கொண்ட பள்ளிப் பிள்ளைகளுக்காக விடுமுறை முகாம்களும் வார இறுதி வகுப்புகளும் நடத்தும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும், அவற்றின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் பள்ளிக் கணித ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தி வருகிறேன். உங்கள் முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். போய்வந்த பிள்ளை ஒருவன் வகுப்பு வாசலிலேயே என்னை நிறுத்தி, மூச்சு விடாமல் அரைமணி நேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன். இந்த முகாம்கள் நடக்க வேண்டும், பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மாதத் தேர்வில் அறுபது, அறுபத்தைந்து வாங்குவாள். கையெழுத்து கோணலாக இருக்கும். வீட்டுப்பாடம் பாதி நாள் இருக்காது. ஒருநாள் மாலை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கம் தற்செயலாகத் திறந்துகொண்டது. பக்கம் முழுக்கப் புள்ளிகள். மூலையில் ஒரே ஒரு புள்ளி. அதை அணைத்தபடி மூன்று புள்ளிகள். அவற்றை அணைத்தபடி ஐந்து, பிறகு ஏழு, பிறகு ஒன்பது. ஓர் அடுக்கு நீல மையில், அடுத்தது பென்சிலில் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தாள். ஓரத்தில் 1, 4, 9, 16, 25 என்று எண்கள். கீழே ஒரு வரி: ‘எப்போதும் சதுரம்தான் வரும், இரண்டு பக்கமும் சமமாகக் கூடுகிறது, மூலைக்கு ஒன்று.’

ஒற்றைப்படை எண்களை முதலிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்களே கிடைக்கும் என்பது மிகப் பழைய உண்மை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அதைச் சூத்திரமாகத் தருகிறேன்; அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பதினோரு வயதுச் சிறுமி அதைத் தானே கண்டுபிடித்து, ஏன் அப்படி வருகிறது என்பதற்கான காரணத்தையும் படமாகவே வரைந்து, ஒருவரிடமும் காட்டாமல் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தாள். இருபது நிமிடம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் விடுமுறை முகாமுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. படிவம் ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் பத்து வரி எழுதும் அளவுக்கு ஒரு கட்டம்; அதன் தலைப்பு ‘குழந்தையின் இதுவரையான சாதனைகள், சான்றிதழ் நகல்களுடன்’. சிறுமியின் தாயார் பள்ளி விட்ட பிறகு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மற்ற பக்கங்களை அழகாக நிரப்பிவிட்டு, இந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. “இதில் என்ன எழுதுவது டீச்சர்?” என்றார். அந்தப் புள்ளிப் பக்கத்தை நகலெடுத்து வைக்கலாம் என்றேன். “அது சாதனையா?” என்று என்னையே கேட்டார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கட்டத்தை வெற்றாகவே விட்டு, நகலைப் பின்னால் இணைத்து அனுப்பினோம். சான்றிதழ் இல்லாத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. இணைத்திருந்த பக்கத்தை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பத்து வயதில் பத்து வரி சாதனை யாரிடம் இருக்கும்? போட்டிகள் எங்கே நடக்கின்றன என்று தேடித் தெரிந்துகொண்டு, அழைத்துப் போய், காத்திருந்து, சான்றிதழை உறைபோட்டு வைக்கும் பெற்றோர் உள்ள பிள்ளையிடம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர்களிலும் நல்ல அறிவாளிகள் உண்டு, உங்கள் முகாமில் அவர்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தை வைத்து நீங்கள் அளப்பது வீட்டின் விவரத்தை. பிள்ளையின் சிந்தனை அதில் சிக்குவதே இல்லை.

பரிந்துரைக் கடிதத்தையும் நம்பிவிடாதீர்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய பரிந்துரைக் கடிதங்களின் நகல்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினான்கு கடிதங்கள். பெரும்பாலும் வகுப்பில் முதலில் கை தூக்குகிறவர்கள், நோட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள், என்னிடம் நன்றாகப் பேசுகிறவர்கள். பெண் பிள்ளைகள் மூன்று பேர்தான். அந்தக் கடைசிப் பக்கம் தற்செயலாகத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிறுமியின் பெயர் என் மனதில் வந்தே இருக்காது. அக்கறையுள்ள ஆசிரியை என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பிழை என் ஒருத்தியோடு நிற்பதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைக்கும் பிள்ளைகளை மட்டுமே மீத்திறன் சோதனைக்கு அனுப்பிவந்தது. 2005-இல் அந்த முறையை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொற்கள் தேவைப்படாத ஒரு முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். தேர்ச்சிக்கான அளவுகோலைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஸ்பானிய வழிப் பிள்ளைகள் சிறப்பு வகுப்புகளில் சேர்ந்த விகிதம் வெகுவாக உயர்ந்திருந்தது. பழைய முறையில் பரிந்துரைக்கப்படாமல் விடுபட்டவர்களில் பெண் பிள்ளைகளும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரும் முன்பும் அதே வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். பிறகு பொருளாதார நெருக்கடியில் பணம் இல்லை என்று அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். எண்ணிக்கை பழையபடி இறங்கிவிட்டது. ஒரு பிள்ளை கண்ணில் படுவதும் படாமல் போவதும் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியில் இருந்திருக்கிறது. இதை வாசித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லி 1972-இல் செய்தது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் திறன் தேடல்களைத் தொடங்கிவைத்தது. வகுப்புத் தேர்வில் இரண்டு பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கினால், இருவரும் ஒன்று போலத் தெரிவார்கள். வினாத்தாளின் கூரை தாழ்வாக இருப்பதால் இருவர் தலையும் அதில் முட்டி நிற்கிறது. அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்து, கல்லூரியில் சேரப் போகும் பதினேழு வயதினருக்கான தேர்வை எழுதவைத்தார். கூரையை உயர்த்தியதும் ஒருவர் கீழேயே நின்றார், இன்னொருவர் வெகு உயரம் போனார். அந்தத் தேடலிலிருந்துதான் 1979-இல் அங்கே இளம் மாணவர்களுக்கான மையம் எழுந்தது. டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்ற பல்கலைக்கழகங்களும் அந்த வழியில் வந்தன. ஆனால் இத்தகைய தேடல்களில் கலந்துகொள்வதற்கே, வகுப்பளவிலான தேர்வில் மேல்வரிசையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அறுபத்தைந்து வாங்கும் என் சிறுமி அந்தக் கூரைக்குக் கீழேயே நின்றிருப்பாள்.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள்.

சோவியத் நாட்டின் சைபீரியாவில் 1960-களின் தொடக்கத்தில், கணித, இயற்பியல் ஒலிம்பியாடின் முதற்சுற்றுக் கணக்குகளைச் செய்தித்தாள்களில் அச்சிட்டார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் வீட்டிலிருந்தே விடை எழுதி அஞ்சலில் அனுப்பலாம். நன்றாகச் சிந்தித்திருந்தவர்களை நேரில் சோதித்து, கோடைப் பள்ளிக்கு அழைத்தார்கள். அங்கிருந்து தேர்ந்தவர்கள் நோவசிபீர்ஸ்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1963-இல் தொடங்கிய உறைவிடப் பள்ளிக்குப் போனார்கள். அதே ஆண்டில் மாஸ்கோவில் கோல்மகோரவ் தொடங்கிய உறைவிடப் பள்ளியில், உலகமே மதித்த அந்தக் கணித அறிஞர் தாமே பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்.

இவை எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது, இஸ்ரேல் கெல்ஃபாண்ட் என்ற கணித அறிஞர் 1964-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி. கெல்ஃபாண்ட் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பதினாறு வயதில் மாஸ்கோவுக்கு வந்து, ஒரு நூலகத்தில் வாயிற்காவலர் வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே கணிதக் கருத்தரங்குகளில் போய் உட்கார்ந்தார். 1932-இல், பத்தொன்பது வயதில், அவரை நேரடியாக ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழ் கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. அப்படி வந்தவர் தொடங்கிய பள்ளியில், தொலைதூர ஊர்களில் இருந்த பிள்ளைகளுக்குக் கணக்குகள் அஞ்சலில் போயின. விடைகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். தனியாகச் சேர முடியாதவர்கள் ஓர் ஆசிரியரோடு குழுவாகச் சேர்ந்து ‘கூட்டு மாணவர்’ என்ற பெயரில் ஒரே விடைத்தாள் அனுப்பலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. கூட்டு மாணவர்! இந்தச் சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது என் வகுப்பு முழுவதையும் ஒரு மாணவராகச் சேர்த்துவிடலாமே என்று ஆசைப்பட்டேன்.

அஞ்சல் தலை ஒட்டி இதைச் செய்தார்கள் என்றால், ஒரு நொடியில் ஒரு தாளை ஆயிரம் பள்ளிக்கு அனுப்ப முடிகிற நீங்கள் செய்ய முடியாதா?

உங்கள் முகாமுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அறிந்தவர்கள். அடுத்த ஆண்டுப் பாடப் புத்தகத்தை முன்கூட்டி நடத்துவதை மட்டும் செறிவூட்டல் என்று அழைக்காதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு என் வகுப்பில் இரட்டிப்புச் சலிப்போடு உட்கார்ந்திருப்பான். அமெரிக்காவில் ஆர்னல்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1957-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கோடைத் திட்டம் இன்றும் நடக்கிறது. அங்கே வாரக்கணக்காக முதன்மையாக எண்ணியல் ஒன்றைத்தான் படிக்கிறார்கள். எளியவற்றைப் பற்றி ஆழமாகச் சிந்திப்பதுதான் அதன் குறிக்கோள் வாசகம். கூட்டல் பெருக்கலில் தொடங்கி, ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். படித்துவிட்டுப் போனவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வழிகாட்டிகளாகத் திரும்பி வருகிறார்கள். அந்தத் திரும்பி வருதலைப் பற்றித்தான் இனி பேச வேண்டும்.

தொடக்கத்தில் சொன்னேனே, வாசலில் என்னை நிறுத்திப் பேசிய பையன், அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூன்று வார முகாமிலிருந்து ஒரு கேள்வியோடு வந்திருந்தான். 5 என்பது 1 கூட்டல் 4. 13 என்பது 4 கூட்டல் 9. 17 என்பது 1 கூட்டல் 16. 29 என்பது 4 கூட்டல் 25. இந்தப் பகா எண்களெல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 3, 7, 11, 19 அப்படி வருவதில்லை. நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் எண்கள் ஏன் வராது என்பதை அவனே நிரூபித்திருந்தான்: எந்த வர்க்கத்தை நான்கால் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1, இரண்டைக் கூட்டினால் 3 வர வழியில்லை. ஆனால் மீதி 1 வரும் பகா எண்கள் ஒவ்வொன்றும் ஏன் தவறாமல் வருகின்றன? அதை விளக்கக் கடைசி நாளில் நேரம் போதவில்லை. வீட்டில் யோசியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யோசித்தான். நூறு வரை, இருநூறு வரை, ஐந்நூறு வரை அட்டவணை போட்டான். முகாமின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினான். இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் படிக்கப்படுவதில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. அதை அவன் அச்செடுத்து வந்து என்னிடம் காட்டினான். “நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா டீச்சர்?” என்றான்.

எனக்கும் அந்த நிரூபணம் தெரியாது. பழைய எண்ணியல் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை காலைகளில் இருவரும் உட்கார்ந்தோம். ஏழு வாரம் ஆனது. கடைசி வரி பிடிபட்ட அன்று அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். அடுத்த ஆண்டு எனக்குப் பத்தாம் வகுப்புப் பொறுப்பு வந்துவிட்டது, சனிக்கிழமைகள் போய்விட்டன. அவன் மெல்லக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டான். இப்போது நல்ல மதிப்பெண் வாங்குகிறான். அந்த அட்டவணை நோட்டு எங்கே என்று போன மாதம் கேட்டேன். தெரியவில்லை என்றான்.

மூன்று வாரத்துக்கு அவனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் போலவே யோசிக்கிற நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரிந்துகொண்ட பிள்ளை, மறுநாள் அவர்களில் ஒருவரும் இல்லாத வகுப்புக்குத் திரும்புகிறது. போகாமலே இருந்திருந்தால் இந்தத் தனிமை அதற்குத் தெரிந்திருக்காது.

என் சக ஆசிரியர்கள் சிலர், கெட்டிக்காரப் பிள்ளைகள் எப்படியும் தேறிவிடுவார்கள், மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நேரம் கொடுப்போம் என்கிறார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு என் நேரத்தின் பெரும்பகுதி போகிறது, போகத்தான் வேண்டும். ஆனால் எப்படியும் தேறிவிடுவார்கள் என்பது பொய். தேர்வில் தேறுவார்கள். சிலர் வகுப்பில் குறும்பு செய்து பெயரைக் கெடுத்துக்கொள்வார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஒருவன், பேசச் சொன்னால் கணக்கின் வழியைத் துல்லியமாகச் சொல்வான். எழுத்துத் தேர்வு அவனை மந்தம் என்று பட்டியலிட்டுவிடும். உங்கள் நுழைவுத் தேர்விலும் அவனுக்கு வாயால் விடை சொல்ல வழியில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சாதனைக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கட்டாயம் என்று வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு தாளில் ஐந்தாறு கணக்குகளை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். மொழி எளிமையாக இருக்கட்டும், பயிற்சி மையங்களில் பழக்கிவிட முடியாத கணக்குகளாக இருக்கட்டும். வகுப்பில் உள்ள அத்தனை பேர் கையிலும் அது போகட்டும். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள், அவசரமாக யோசிக்க வராத பிள்ளைகளும் உண்டு. விடையைவிட, விடைக்குப் போன வழியைப் படியுங்கள். அரைகுறையாக நின்ற வழியையும் படியுங்கள். திருத்த ஆள் வேண்டும் என்றால் உங்கள் இளநிலை மாணவர்கள் இருக்கிறார்கள். திருத்துவதில் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

கட்டண உதவி உண்டு என்றால் அதைப் படிவத்தின் முதல் வரியில் எழுதுங்கள். ஆறாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தால், தொகையைப் பார்த்த உடனே படிவத்தை மடித்து வைத்துவிடும் பெற்றோர் அங்கே வந்து சேரவே மாட்டார்கள்.

முகாம் முடிந்த பிறகு ஒரு வருடத்துக்கு, ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி மாணவர் என்று வையுங்கள். மாதம் ஒரு கடிதம், ஒரு கேள்வி, ஒரு பதில் போதும். பிள்ளையின் பள்ளி ஆசிரியரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துப் போகிறீர்கள். மீதி நாற்பத்தொன்பது வாரமும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போகிறவர்கள் நாங்கள். எனக்கு அந்த நிரூபணத்தை யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் ஏழு வாரம் ஆகியிருக்காது.

பயன் என்ன என்று ஆட்சிக்குழுவில் கேட்பார்கள். முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் புகழ்பெற்ற கல்லூரிகளில் சேர்ந்தார்கள் என்ற கணக்கைக் காட்டாதீர்கள், அவர்களில் பலர் உங்கள் முகாம் இல்லாமலும் சேர்ந்திருப்பார்கள். இதுவரை ஒரு விண்ணப்பம்கூட வராத பள்ளிகளிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று காட்டுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். புள்ளிகளை விட்டுவிட்டு இப்போது கனசதுரங்களை வரைந்துகொண்டிருக்கிறாள். ஒற்றைப்படை எண்களை 1 என்றும், 3, 5 என்றும், 7, 9, 11 என்றும் பிரித்துக் கூட்டினால் 1, 8, 27 வருவதைப் பார்த்துவிட்டாள். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. நான் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். தாள் தயாரானால் முப்பத்தெட்டுப் பிரதிகள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிக் கணித ஆசிரியை